சாமந்தி நடவு: பக்கக்கன்றா, தட்டு நாற்றா, மறுதாம்பா?

பங்குனி பிறந்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். "பக்கத்துத் தோட்டத்துல கன்னு சும்மாவே தர்றேங்கிறாங்க, நர்சரியில காசு கொடுத்து வாங்கினாத்தான் நல்லதுங்கிறாங்க, வீட்டுல அப்பா போன வருஷச் செடியையே வெட்டி விடுங்கிறாரு. எதுண்ணா செய்யறது?" இந்த வருஷம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் பாதி சொல்லி பாதி விட்டுப் போகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

சாமந்தி என்று நான் சொல்வது செவ்வந்தியை. தெற்கே செவ்வந்தி என்பார்கள், எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் சாமந்தி. செண்டுமல்லி வேறு, அது விதை போட்டு ஒரு போகத்தோடு முடிகிற செடி. சாமந்தி அப்படியில்லை. பூவெல்லாம் பறித்து மேல்தண்டு காய்ந்து போனாலும் தூர் சாகாது, தண்ணீர் காட்டினால் மறுபடி துளிர்க்கும். விதையில் முளைக்க வைத்தால் தாய்ப்பூவின் நிறமும் அடுக்கும் அப்படியே வராது, அதனால் செடியின் ஒரு பாகத்தை எடுத்துத்தான் அடுத்த செடி உண்டாக்க வேண்டும். அந்தப் பாகத்தை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தால் பக்கக்கன்று, நுனியிலிருந்து எடுத்தால் தட்டு நாற்று. எதையும் எடுக்காமல் பழைய செடியையே வெட்டித் துளிர்க்க விட்டால் மறுதாம்பு.

எங்கள் ஊரில் எல்லோரும் ரகத்தைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள். பூர்ணிமாவா, செண்ட் ஒயிட்டா, கோ 1 மஞ்சளா என்று. ரகம் முக்கியம்தான். ஆனால் நான் பார்த்தவரை, ஒரே ரகத்தை வைத்த இரண்டு தோட்டத்தில் ஒன்று தழைத்து ஒன்று படுத்துவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கன்று வந்த இடம்தான்.

## முடிவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை

கையில் எவ்வளவு பணம் என்பது முதலில் வரும், அதைச் சொல்லவே வேண்டாம். அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது கோடைத் தண்ணீரை. சித்திரை, வைகாசியில் உங்கள் கிணறு எத்தனை மணி நேரம் ஓடும்? கன்று சும்மா கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான் இருக்கிறது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அடுத்தது தேதி. நட்டு மூன்றரை, நாலு மாதத்தில் பறிப்புத் தொடங்கும். ஆயுத பூஜைக்குப் பூ வேண்டுமானால் அங்கிருந்து பின்னோக்கி எண்ணி ஜூனில் கன்று மண்ணில் இருக்க வேண்டும். கார்த்திகை தீபம், பொங்கல் என்று குறி வைத்தால் அதற்கேற்பத் தள்ளிக்கொள்ளலாம். அந்தத் தேதிக்குக் கன்று கையில் வருமா என்பதுதான் கேள்வி.

அப்புறம் நோய். கன்றோடு சேர்ந்தே வரும் நோய் எது, அது உங்கள் மண்ணில் எத்தனை வருஷம் உட்காரும் என்று பார்க்க வேண்டும். கடைசியாக, பறிக்கிற கை யாருடையது, பூ எங்கே போகிறது. வீட்டு ஆட்கள் இரண்டு பேர் பறித்து ராயக்கோட்டை மண்டியில் போடுவதும், பதினைந்து ஆள் வைத்து ஒரே நாளில் பறித்துப் பெங்களூருக்கோ கோயம்பேட்டுக்கோ ஏற்றுவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் வேண்டிய செடி வேறு.

## வழி 1: பக்கக்கன்று

பழைய தூரைச் சுற்றி மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும் கன்றைப் பிரித்து நடுவது. வேரோடு வருவதால் நட்டதும் பிடித்துக்கொள்ளும், நாற்றங்கால் வேண்டாம், நிழல்வலை வேண்டாம். தாத்தா காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

சும்மா கிடைக்கிறது என்கிறார்களே, அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பறிப்பு தை, மாசியோடு ஓய்ந்துவிடும். நடவு ஆனியில். இடையில் நாலைந்து மாதம் அந்தப் பழைய தூரை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அதுவும் கொளுத்துகிற வெயிலில். அரை ஏக்கர் பழைய செடிக்குக் கோடை முழுக்கப் பாய்ச்சும் தண்ணீரில் ஒரு போகம் கீரையோ வெள்ளரியோ எடுத்திருக்கலாம். நிலமும் அத்தனை மாதம் முடங்கிக் கிடக்கிறது. கன்று பிரிக்க, வேரில் மண் உதற, தேறியதைத் தனியே பொறுக்க ஆள் கூலியும் உண்டு.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. பூ நன்றாக வர வேண்டுமானால் செடி வளரும்போதே பக்கக்கன்றை அவ்வப்போது கிள்ளி எறிந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தெல்லாம் அதற்குப் போய்விடும். பூவுக்காகக் கழிக்க வேண்டிய அதே கன்றை அடுத்த நடவுக்காக விட்டும் வைக்க வேண்டும் என்றால் எப்படி? ஒரு ஓரத்தில் இரண்டு வரிசையை மட்டும் கன்றுக்கென்று ஒதுக்குவதுதான் சரி. பெரும்பாலானோர் அப்படிச் செய்வதில்லை, தோட்டம் முழுக்க விட்டுவிட்டுப் பூ குறைந்தது என்று வருத்தப்படுகிறார்கள்.

நோய் விஷயத்தை நான் பட்டே தெரிந்துகொண்டேன். ஒரு வருஷம் தெரிந்தவர் தோட்டத்திலிருந்து கன்று எடுத்து வந்து நட்டேன். பார்க்கப் பச்சையாக, கொழுகொழுவென்று இருந்தது. ஐம்பதாவது நாள் அடி இலையில் நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே ஆப்பு வெட்டி வைத்த மாதிரி பழுப்புத் திட்டு. நரம்பு எங்கே ஓடுகிறதோ அங்கே திட்டு சட்டென்று நின்றுவிடும், கத்தியால் கோடு போட்ட மாதிரி. முதலில் இலைப்புள்ளி நோய் என்று நினைத்து அதற்கு மருந்து அடித்தேன், நிற்கவில்லை. மழை பெய்யப் பெய்ய அடி இலையிலிருந்து ஒவ்வொரு இலையாக மேலே ஏறியது. அது பூஞ்சணம் இல்லை, இலை நூற்புழு. ஈரத் தண்டின் மேல் நீர்ப்படலத்தில் நீந்தி ஏறுகிற புழு. பாதித்த இலையைக் கிழித்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு, மறுநாள் வெளிச்சத்தில் பிடித்துக் கைலென்ஸால் பாருங்கள். மயிரிழை போல, ஒரு மில்லிமீட்டர் அளவில் நெளியும். பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, ஏனென்றால் அந்தக் கன்றைப் பக்கத்தில் இரண்டு பேருக்கு நானே பங்கு கொடுத்திருந்தேன்.

இதோடு வேரழுகல், வாடல், வேர்முடிச்சு நூற்புழு எல்லாம் பழைய மண்ணோடு சேர்ந்தே பயணம் செய்யும். பக்கக்கன்று மண்ணிலிருந்து பிறப்பது, மண்ணில் உள்ளது எல்லாம் அதற்கும் உண்டு.

எப்போது இது சரி: தோட்டம் உங்களுடையது, போன பறிப்பு முழுக்க அந்தச் செடியைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள், அடி இலை சுத்தமாக இருந்தது, கோடையில் தண்ணீருக்குக் குறைவில்லை என்றால் தாராளமாகச் செய்யலாம். கன்று சின்னதும் பெரிதுமாக இருப்பதால் பூவும் முன்னே பின்னே வரும். வீட்டு ஆட்களே பறித்து தினம் 15, 20 கிலோ என்று பக்கத்துச் சந்தைக்குக் கொண்டு போகிறவர்களுக்கு அது நல்லதுதான். விலை ஒரு நாள் படுத்தாலும் மொத்தப் பூவும் அன்றைக்கே போய்ச் சேர்வதில்லை.

## வழி 2: தட்டு நாற்று

தாய்ச்செடியின் நுனித்தண்டை 5 முதல் 7 செ.மீ. நீளத்துக்குக் கிள்ளி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு, வேர் ஊக்கிப் பொடியில் தொட்டு, குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி ஊன்றி, நிழல்வலைக்குள் ஈரப்பதத்தோடு வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். அதைத்தான் நர்சரிகள் விற்கின்றன. மண்ணைத் தொடாத நுனி என்பதால் மண்ணில் வரும் நோய்க்கு வாய்ப்பு குறைவு. எல்லாம் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே நேரத்தில் மொட்டு.

செலவு எண்ணிக்கையைப் பொறுத்தது. வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற 30க்கு 30 செ.மீ. இடைவெளியில் ஹெக்டேருக்கு 1,11,000 செடி, ஏக்கருக்குச் சுமார் 45,000. நாற்று 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாற்றுக்கே 1,35,000 ரூபாய். சொட்டுநீர் போட்டு 2 அடிக்கு 1 அடி வைத்தால் ஏக்கருக்கு 22,000க்குள் முடியும், செலவு பாதி. தட்டு நாற்று வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படி அகலமாகத்தான் நடுகிறார்கள். அப்படி நட்டால் நாலாவது வாரம் கொழுந்து கிள்ளுவதில் சோம்பலே படக்கூடாது. கிள்ளினால்தான் பக்கக்கிளை விரிந்து அந்த இடைவெளியை நிரப்பும். கிள்ளாத செடி ஒற்றைக் கம்பாக நிற்கும்.

ஆனால் காசு கொடுத்து வாங்குவது என்பதாலேயே நல்லது என்று நம்பிவிடாதீர்கள். நான் ஒரு நர்சரியில் வெள்ளைக்கு முன்பணம் கட்டி வாங்கியதில் பத்துக்கு ஒன்று மஞ்சள் கலந்து வந்தது. நாற்றில் எந்த வித்தியாசமும் தெரியாது, மொட்டு விரியும் நாள்தான் தெரியும், அதற்குள் மூன்று மாத உழைப்பு போட்டாகிவிட்டது. மண்டியில் கலப்புப் பூவுக்கு விலை வேறு. பறிக்கும்போது நிறம் பிரிக்க ஒரு ஆள் கூடுதலாக வைக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து, முன்பணம் கொடுக்கும் முன் தாய்ச்செடியைக் காட்டுங்கள் என்று கேட்கிறேன். காட்டத் தயங்குகிற இடத்தில் வாங்குவதில்லை.

நாற்று வந்ததும் தட்டிலிருந்து ஒன்றை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். நார்க்கழிவு உதிராமல் குழியின் வடிவத்திலேயே கூம்பாக வர வேண்டும், சுற்றிலும் வெள்ளை வேர் தெரிய வேண்டும். வேர் பழுப்பாகி அடியில் சுருண்டு வளையம் போட்டிருந்தால் நாள் கடந்த நாற்று. நுனியில் கடுகு மாதிரி மொட்டு தென்பட்டால் வாங்கவே வாங்காதீர்கள், அது வளராது, ஒரு சாண் உயரத்தில் நாலு பூ பூத்துவிட்டு நின்றுவிடும்.

அந்த மொட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது. சாமந்தி குறும்பகல் செடி. இரவு நீண்டால் மொட்டு கட்டும். நம் பக்கம் ஜூன் மாதத்தில்கூடப் பகல் 13 மணி நேரத்தைத் தாண்டாது என்பதால் செடிக்கு எப்போதும் மொட்டின் மேலேயே நினைப்பு. கிருஷ்ணகிரிப் பக்கம் இரவில் பஸ்ஸில் போனால் சில சாமந்தித் தோட்டங்களில் வரிசையாக பல்பு எரிவதைப் பார்க்கலாம். நடு இரவில் சில மணி நேரம் வெளிச்சம் கொடுத்து நீண்ட இரவை இரண்டாக உடைத்தால் செடி மொட்டை மறந்து இலையும் தண்டுமாக வளரும். தாய்ச்செடிக்கு இப்படி விளக்கு போடும் நர்சரியா என்று கேட்பது நல்ல கேள்வி.

மற்ற செலவு: ஒரு மாதம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும், வண்டி வாடகை, முதல் வாரம் தினமும் லேசான தண்ணீர். நிழலில் வளர்ந்த பிள்ளை, மதிய வெயிலில் நட்டால் சாய்ந்துவிடும். மாலை 4 மணிக்கு மேல் நடுங்கள்.

எப்போது இது சரி: புதிதாகத் தொடங்குகிறவர்கள், பண்டிகைத் தேதியைக் குறி வைக்கிறவர்கள், மொத்தமாகப் பறித்து லாரியில் ஏற்றுகிறவர்கள், முன்பு நூற்புழு வந்து நிலத்தை மாற்றியிருக்கிறவர்கள். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும், எல்லாம் ஒன்றாகப் பூப்பதால் அந்த வாரம் மார்க்கெட் இறங்கினால் மொத்தமும் சேர்ந்து இறங்கும். நிலத்தை இரண்டாகப் பிரித்து 15 நாள் இடைவெளியில் நட்டால் இந்த அடி பாதியாகும்.

## வழி 3: மறுதாம்பு

பறிப்பு முடிந்ததும் செடியைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, களை எடுத்து, உரம் வைத்து, மண் அணைத்துத் தண்ணீர் விடுவது. நாற்றுச் செலவு இல்லை, உழவு இல்லை. தையில் வெட்டினால் சித்திரை, வைகாசி கல்யாண முகூர்த்தத்துக்குப் பூ எதிர்பார்க்கலாம்.

வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கில் நடவுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 20 டன், மறுதாம்புக்கு 10 டன். சரியாகப் பாதி. பாதிச் செலவில் பாதி மகசூல்தானே என்று தோன்றும், ஆனால் பறிப்புக் கூலி பாதியாவதில்லை. மறுதாம்புப் பூ சிறுத்துப் போகும், கோடை வெயிலில் இன்னும் சிறுக்கும். ஒரு கிலோ நிறைய முன்பைவிட எத்தனையோ பூ அதிகம் கிள்ள வேண்டும், அதே ஆள் அதே நேரத்தில் குறைந்த எடைதான் பறிப்பார். இலைப்பேனும் கோடையில்தான் கூட்டமாக ஏறும். முதல் போகத்தில் கொஞ்சமாக இருந்த நோய் இரண்டாவது போகத்துக்குள் குடும்பத்தோடு தங்கிவிடும்.

எப்போது இது சரி: செடி ஆரோக்கியமாக இருந்து, தண்ணீரும் இருந்து, வீட்டு ஆட்களே பறிப்பதாக இருந்தால் ஒரு முறை விட்டுப் பார்க்கலாம். இரண்டாவது மறுதாம்பு வேண்டாம். கூலி ஆளை நம்பியிருப்பவர்களுக்கு முதல் மறுதாம்பையே நான் சொல்வதில்லை.

## ஒரே பார்வையில்

| | பக்கக்கன்று | தட்டு நாற்று | மறுதாம்பு |
|---|---|---|---|
| கையிலிருந்து போகும் பணம் | மிகக் குறைவு | அதிகம் | உரம், களை மட்டும் |
| கண்ணில் படாத செலவு | கோடைத் தண்ணீர், முடங்கும் நிலம் | வண்டி, ரகக் கலப்பு | பறிப்புக் கூலி |
| கோடைத் தண்ணீர் | வேண்டும் | வேண்டாம் | நிறைய வேண்டும் |
| நோய் கூட வருவது | அதிகம் | குறைவு | ஏற்கெனவே இருப்பது பெருகும் |
| பூக்கும் நாள் | முன்னே பின்னே | ஒன்றாக | ஓரளவு ஒன்றாக |
| பூவின் அளவு | கலந்து | சீராக | சிறியது |

## நான் இப்போது செய்வது

இரண்டாவது வழியில் தொடங்கி நாற்றை நானே உண்டாக்குகிறேன். நல்ல நர்சரியில் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, அந்த உபரியைத் தோட்டத்தில் நடாமல் வீட்டுப் பக்கம், இதற்கு முன் சாமந்தி வைக்காத மண்ணில் தாய்ப் பாத்தி போடுகிறேன். அதில் பூ எடுப்பதே இல்லை, மொட்டு கட்டப் பார்த்தால் கிள்ளிவிடுவேன். மேலே ஒரு பல்பு தொங்கும். 200 செடி இருந்தால் முதல் சுற்றில் செடிக்கு மூன்று நுனி என்று 600 கிடைக்கும். அதையும் அதே பாத்தியிலேயே வேர் பிடிக்க வைத்து நட்டால் 800 தாய்ச்செடி. அடுத்து அந்த 800 செடியிலிருந்து சுற்றுக்கு நாலு நுனி, இரண்டு சுற்று, 6,400. வேர் பிடிக்காமல் போவதற்கு இன்னும் அரைச் சுற்று. இந்த 800 செடிக்கு ஆகிற இடம் அரை சென்ட்தான், கோடையில் பூவாளியால் ஊற்றியே காப்பாற்றிவிடலாம். பழைய தோட்டம் முழுவதையும் ஐந்து மாதம் நனைப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நுனி கிள்ளுகிற கத்தரியை அடிக்கடி பிளீச்சிங் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும், ஸ்பிரிட்டில் துடைத்தால் போதாது. செடியைக் குட்டையாக்கும் ஒரு வைராய்டு (வைரஸைவிடச் சிறிய நோய்க்கிருமி) சாற்றின் வழியாகப் பரவும், பார்வைக்குப் பல வாரம் ஒன்றும் தெரியாது. நான் கத்தரியே எடுப்பதில்லை, விரலால் ஒடித்துவிடுகிறேன், இளம் நுனி கீரைத்தண்டு மாதிரி டக்கென்று ஒடியும். ஒடியாமல் நார் இழுத்தால் அது முற்றிய தண்டு, வேர் பிடிக்காது. இருந்தாலும் கையை நடுநடுவே சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்கிறேன்.

கடைசியாகக் கேட்ட தம்பிக்கு 30 சென்ட், கிணறு வைகாசியில் அடி தட்டிவிடும், கையில் 20,000 ரூபாய், சாமந்தி வைப்பது இதுதான் முதல் தடவை. 30 சென்டுக்கும் 2 அடிக்கு 1 அடி என்றால் 6,500 நாற்று, பணம் மொத்தமும் நாற்றுக்கே போய்விடும், உரத்துக்கு மிஞ்சாது. அதனால் தம்பி, இந்த வருஷம் 15 சென்ட் மட்டும் தட்டு நாற்று நடுங்கள், 3,270 செடி. மீதி 15 சென்டில் கேழ்வரகு போடுங்கள், அடுத்த வருஷம் சாமந்தியை அந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். பக்கத்துத் தோட்டத்தில் சும்மா தருகிற கன்று வேண்டாம். அவர் மனசு கோணாமல் சொல்லிவிடுங்கள், அப்படியே அவர் செடியின் அடி இலையையும் ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். நர்சரியில் ஆர்டர் சொல்லும்போது 3,600 என்று சொல்லுங்கள். 130 செத்துப்போன இடத்தில் மறுபடி நட, 200 தாய்ப் பாத்திக்கு. ஜூன் முதல் வாரம் நட வேண்டும் என்றால் ஏப்ரல் முடிவதற்குள் முன்பணம் கட்டிவிடுங்கள்.